பிஸ்டலுக்குள்ள மாமியார்

ஏண்டி நிவேதா, உனக்கு வேற வேலையே இல்லியா? விமான் நகர் ஆபீஸ்ல குளுகுளுன்னு உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டினோமா, ஞாயித்துக்கெழமை கிளப்புல நாலு குண்டு சுட்டோமான்னு இல்லாம, ரெண்டு பஸ் மாறி கட்கிக்கு வந்து என் கட்டில் மேல உக்காந்துக்கினு, "பாட்டி, நீங்க வேலை பார்த்த கதையைச் சொல்லுங்க, நம்ம தமிழ் ஆளுங்க போடற மலர்ல போடணும்"ங்கிற. வெக்கமா இல்ல உனக்கு? எழுதினவ நான். தப்பாப் படிச்சவ நீ. நீ படிச்ச லட்சணத்துல ஒரு பொம்பளை அம்பது வருஷம் சொல்லிக்கினு இருந்த பேச்சு பொய்யாப் போயிருக்கும். இப்ப கதை வேற கேக்குற.

சரி, போனை அப்படி ஓரமா வெச்சு ரெக்கார்டு போடு. என் மூஞ்சியைப் படம் எடுக்காத, பல் செட்டு வெக்கல. நான் சொல்றதை சொல்றாப்பலயே எழுது. மூணாங்கிளாஸ் படிச்சவ பேச்சுக்கு இலக்கணம் போட்டு இஸ்திரி பண்ணாத.

இன்னொண்ணு. இந்த லைன் வீட்டு சால்ல யாருக்கும் நான் எங்க வேலை பார்த்தேன்னு தெரியாது. எதிர் வீட்டு ஷிண்டே பாய், இங்க பொம்பளைங்களைத்தான் பாய்ம்பாங்க, அவகிட்டேருந்து மாடி வீட்டு மேரி வரைக்கும், நான் கேம்ப்பு பஜார்ல கெடியாரக் கடையில வேலை பார்த்தேன்னுதான் நெனைச்சுக்கினு இருக்காங்க. சேட் முதல் நாளே சொல்லிட்டாரு: துப்பாக்கி எங்க இருக்குன்னு வெளியில வாயைத் திறக்கக் கூடாது. அதனால கெடியாரம்னு சொல்லி வெச்சேன். நாப்பது வருஷமா சால்ல நின்னு போன கெடியாரம் எல்லாம் என் கிட்டதான் வந்துச்சு. நானும் ரெண்டு தட்டு தட்டி, "இது ஃபாரின் மிஷினு, பார்ட் கெடைக்காது"ன்னு திருப்பிக் குடுத்துடுவேன். நீ அச்சுல போட்டா குட்டு வெளிய வந்துடுமேன்னு பார்த்தேன். போகட்டும், இங்க யாரு தமிழ் படிக்கிறா?

என் பேரு கன்னியம்மா. ஆற்காடு பக்கம். வீட்டுக்காரருக்கு இந்த மராட்டி ஊருல, கட்கியில ஃபேக்டரி வேலை, அவரு பின்னாடியே வந்தவ நான். அவருக்கு முதுகு போயி வீட்டோட படுத்தப்ப, கேம்ப்புல ஒரு பார்சி சேட்டு கடையைப் பெருக்க ஆள் வேணும்னாங்க. ஹோமி சேட். துப்பாக்கி ரிப்பேர் கடை, சர்க்கார் லைசென்ஸ் வெச்சு நடத்தினாரு. விளக்குமாத்தைத் தூக்கிக்கினு உள்ள போனவ, ஒரு வருஷத்துல எண்ணெய் துணி பிடிச்சேன், மூணு வருஷத்துல அரம் பிடிச்சேன், அப்பால பிடி வழுக்காம இருக்க மரத்துல புள்ளி குத்தினேன். கத்துக்கினது எல்லாம் அவ்வளவுதான். ஸ்கூலுக்குப் போயிருந்தாக் கூட இத்தனை சீக்கிரம் பாஸ் ஆயிருக்க மாட்டேன்.

சேட்டைப் பத்திச் சொல்லணும். ஒல்லியா, வெள்ளை பனியன், கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நூலு. புதினாவும் இஞ்சிப்புல்லும் போட்டு டீ கொதிக்க வெச்சு, பாதி குடிச்சுட்டு மீதியை மறந்துடுவாரு. என்னை "டீக்ரி"ன்னுதான் கூப்பிடுவாரு. அவங்க குஜராத்தியில மகள்னு அர்த்தம். வந்த புதுசுல எனக்குத் தெரியாது. என்னடா இது, டிகிரி முடிச்சவளைக் கூப்பிடறாப்பல கூப்பிடறாரேன்னு ஒரு மாசம் பெருமையா இருந்தேன்.

அவரு கோவப்பட்டு நான் பார்த்தது ரெண்டு விஷயத்துக்குத்தான். ஒண்ணு, வயிறு பார்க்காம பிஸ்டலை நீட்டினா. மேகசினை உருவு, மேல் மூடியை பின்னால இழு, தோட்டா போற எடத்துல விரலை விட்டுப் பாரு, காலின்னு எதிராளிக்கும் காட்டு, அப்புறம் குடு. இப்பத்தானே பார்த்தேன்னு சொல்லக் கூடாது. அவரு எங்கிட்ட குடுத்து நான் மேஜை மேல வெச்சு, அவரே மறுபடி எடுத்தாலும் வயிறு பார்ப்பாரு. இன்னொண்ணு, அவரு செஞ்ச மரத்துல யாராவது கீறினா. அதுக்கு வரேன்.

எங்க கடைக்கு வேட்டைத் துப்பாக்கியும் வரும். ஆனா சேட்டோட உசுரு பந்தயத்துல சுடற பிஸ்டல்லதான். சின்ன குண்டு, இருவத்திரெண்டுன்னு சொல்வாங்க. ஃபாரின்லேருந்து வரப்ப எல்லாம் ஒரே அச்சு. ரெடிமேட் ஜாக்கெட்டு மாதிரி, எல்லாருக்கும் ஆகும், யாருக்கும் சரியா இருக்காது. சேட் அதைப் பிரிச்சு, ஒரு ஆளோட கைக்குன்னு தைப்பாரு. தைக்கிறாருன்னுதான் சொல்லணும். அக்ரூட் மரத்துல கைப்பிடி செதுக்கி, மரப்பசை தடவி, சுடற ஆளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிஞ்ச பள்ளத்தைப் பார்த்து ராவுவாரு. உள்ளங்கைக்கு அடியில ஒரு சின்னப் பலகை வரும், கை அது மேல உக்காரும். கடைசியா அதைத் திருகிப் பூட்டறது சேட் மட்டும்தான். அந்தப் பலகையை நான் தொடவே கூடாது.

அப்பால ஒரு சோதனை வெப்பாரு. "கண்ணை மூடு. கையைத் தூக்கு. இப்ப கண்ணைத் திற." திறந்தா, முன்னால இருக்கிற குறிமுள்ளு பின்னால இருக்கிற பள்ளத்துக்கு நடுவுல தானா உக்காந்திருக்கணும். கோணலா இருந்தா, சுடறவங்க மூஞ்சி வாடிப் போகும். சேட் உடனே பிஸ்டலை வாங்கிக்குவாரு. "கல்தி தும்ஹாரா நஹி. லக்டீ கா ஹை." தப்பு உன் மேல இல்ல, மரத்து மேல. மறுபடி ராவுவாரு. ஒருத்தருக்கு பதினோரு தடவை ராவினாரு. எனக்கு வாச்ச ஜாக்கெட் டெய்லரு ஒருத்தன் கூட இப்படிச் சொன்னதில்ல. எல்லாரும் நான் பெருத்துட்டேன்னுதான் சொல்வானுங்க.

விசை இருக்கே, அதுக்கு ஒரு கிலோ கணக்கு. காய் விக்கிற பாஜிக்காரன் தராசுல வெக்கிற எடைக்கல்லுல கம்பி கொக்கி கட்டி வெச்சிருந்தாரு. பிஸ்டலை வானத்தைப் பார்க்கப் பிடிச்சு, விசையில கல்லை மாட்டித் தூக்கணும். கல்லு தொங்கணும், விசை விழக் கூடாது. விழுந்தா பந்தயத்துல சேர்க்க மாட்டாங்க. ஆனா எடை சரியா இருந்தா மட்டும் போதாது, அது எப்படி விழுதுன்னு இருக்கு. அதுக்கு எனக்கு ஒரே அளவுதான். வெண்டைக்கா வாங்கறப்ப நுனியை ஒடிச்சுப் பார்ப்பியே? நீ எங்க பார்ப்ப, போன்ல ஆர்டர் போடறவ. பிஞ்சு வெண்டைக்கா 'டக்'குனு ஒடியும். முத்தினது வளையும், நாரா இழுக்கும், மனசே இல்லாம ஒடியும். சேட் வெச்ச விசை பிஞ்சு வெண்டைக்கா. மத்தவன் வெச்சது பூரா முத்தல்.

ஒரு தடவை ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. அவருக்கு யாரோ ஒரு பிஸ்டலை, 'ஹோமி சேட் கை வேலை'ன்னு சொல்லித் தலையில கட்டியிருந்தாங்க. சேட் அதைத் தொடவே இல்ல. டீயை ஊதிக்கினே, "டீக்ரி, தேக்"குன்னாரு, பாருன்னு. வயிறு பார்த்தேன். மோந்து பார்த்தேன். எங்க மரம் ஆளிவிதை எண்ணெய் குடிச்ச மரம், பழைய நல்ல எண்ணெய் ஜாடி மாதிரி ஒரு வாசனை வரும். இது பாலிஷ் நாத்தம். திருகாணியைப் பார்த்தேன். சேட் வெச்ச திருகாணி எல்லாத்தோட வாயும் ஒரே திக்கைப் பார்க்கும், போட்டோவுக்கு நின்ன ஸ்கூல் பசங்க மாதிரி. இதுல ஒண்ணு கெழக்கே, ஒண்ணு தெக்கே. மரத்துல குத்தின புள்ளியைப் பார்த்தேன். வரிசையா, நோட்டுல கோடு போட்டாப்பல. சேட் புள்ளி அப்படி இருக்காது. கை வளையற பக்கம் வளையும், விரல் வேர்க்கிற எடத்துல நெருங்கும். கடைசியா உள்ள ஒரு காலி தோட்டாவைப் போட்டு, விசையை அமுக்கினேன். நாரு இழுத்துச்சு.

"சேட், இது முத்தல் வெண்டைக்கா"ன்னேன், தமிழ்லயே. அவருக்கு வெண்டைக்கா மட்டும் புரிஞ்சுது. அந்த மனுஷன் போனப்புறம் சேட் சிரிச்சாரு பாரு, டீ மூக்குல ஏறிடுச்சு. அன்னிலேருந்து, 'இது நீங்க செஞ்சதான்னு பாருங்க'ன்னு யார் வந்தாலும், முதல்ல எங்கிட்டதான் வரும்.

ஏன் அப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்கணும், பேரைப் பொறிச்சுட்டா முடிஞ்சுதேன்னு நீ கேப்ப. நானும் கேட்டேன். "கை வேலை பண்ணியிருக்கேன் இல்ல, கையெழுத்து எதுக்கு?"ன்னாரு. அவரு பிஸ்டல் எதுலயும் அவரு பேரு கெடையாது. ஒரு புள்ளி, ஒரு கோடு கெடையாது. அவரு மரத்துல பென்சில் பட்டாக் கூட நாலு நாள் பேச மாட்டாரு.

இங்கதான் என் திருட்டுத்தனம் ஆரம்பம்.

எலெக்ஷன் வந்துச்சுன்னா துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க எல்லாம் டெபாசிட் பண்ணணும்னு உத்தரவு. கடைக்கு ஒரே நேரத்துல கட்டுக் கட்டா வரும். சேட், வந்ததே வந்துச்சு, எல்லாத்தையும் பிரிச்சுத் தொடைச்சு எண்ணெய் போடுன்னுவாரு. பிஸ்டல் இரும்புல இங்கிலீஷ்ல நம்பர் இருக்கும். கழட்டின மரத்துல ஒண்ணும் இருக்காது. பத்து பிஸ்டல், இருவது மரத்துண்டு, எல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே ஜாடை. ஒருத்தர் மரம் இன்னொருத்தர் பிஸ்டல்ல ஏறிட்டா பந்தயமே போச்சு. ஒரு தடவை நான் மாத்திப் பூட்டிட்டேன். சேட் திட்டல. தானே உக்காந்து ஒரு நாள் பூரா பிரிச்சு மாத்தினாரு. அது திட்டினதை விட மோசம்.

அதனால கோணி ஊசியை எடுத்தேன். மரத்துண்டோட உள் பக்கம், பூட்டினா வெளிய தெரியாத எடத்துல, சின்னதா தமிழ்ல பேரு கீறி வெச்சேன். இங்கிலீஷ் தெரியாது, நம்பர் நெனப்புல நிக்காது, மனுஷங்க குணம் நிக்கும். விசை லேசா பட்டாலே வெடிக்கிறது 'நாத்தனார்'. எத்தனை எண்ணெய் விட்டாலும் முனகறது 'ஓரகத்தி'. சொன்ன பேச்சு கேக்கறது 'எங்க வீட்டுக்காரர்', அது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரே குணத்துல ரெண்டு வந்தா, முன்னால சொந்தக்காரங்க பேரையும் சேர்த்துக் கீறுவேன்.

ஒரு நாள் சேட் வாசல் பக்கம் நின்னுக்கினு கேட்டாரு. "டீக்ரி, என் மரத்துல நீ ஏதாவது எழுதறியா?" நான் பட்டறை இடுக்கி மேல கையை வெச்சு, "சத்தியமா இல்ல சேட்"டுன்னேன். ஒரு நிமிஷம் பார்த்தாரு. சரின்னு போயிட்டாரு. அந்தப் பொய்யை நான் அவரு போற வரைக்கும் மாத்தல. சேட் போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. கடையும் அப்பவே மூடியாச்சு. கணக்குப் புஸ்தகம் எல்லாம் மழையில ஊறி கூழாயிடுச்சு.

இப்ப சுனந்தா தாயீ கதை. நீ 'தாயீ'ன்னா என்னன்னு இப்பவாச்சும் மனசுல ஏத்திக்க. மராட்டியில தாயீன்னா அக்கா. அம்மா இல்ல. அக்கா!

தாயீ தளேகாவ்லேருந்து லோக்கல் ட்ரெயின்ல வருவா. ரயில்வே கிளார்க்கு பொண்ணு, ரெட்டை ஜடை, அப்ப இருவத்திரெண்டு வயசு இருக்கும். கிளப்புல சுட்ட முதல் பொம்பளை. பிஸ்டல் கிளப்புது, லைசென்ஸும் கிளப்பு பேர்ல. ஆனா சேட் அதை இவ கைக்குன்னு தைச்சாரு. சின்னக் கை, சுண்டு விரல் கொஞ்சம் கோணல். கண்ணை மூடு, கையைத் தூக்கு, கண்ணைத் திறன்னு ஏழு தடவை. ஏழாவது தடவை கண்ணைத் திறந்தவ, எங்கிட்ட திரும்பி, "கன்யா, முள்ளு வீட்டுக்கு வந்துடுச்சு!"ன்னு கத்தினா.

அந்த பிஸ்டல் விசை ரெண்டு கட்டம். முதல்ல அமுக்கினா பேசாது. அமுக்குவ, பேசாது. இன்னும் கொஞ்சம், ஊஹூம். ஒண்ணும் சொல்லாது போலன்னு நெனைப்ப, அப்ப வரும் பாரு ஒண்ணு, சுருக்குன்னு. அச்சு அசல் எங்க மாமியார். அதோட வேற யார் கை பட்டாலும் மக்கர் பண்ணும், ஒரே கம்பெனி தோட்டாதான் திங்கும். 'மாமியார்'னு பேரு வெச்சேன். தாயீ அர்த்தம் கேட்டா. சொன்னேன். "சாசூ!"ன்னு தரையில உக்காந்து சிரிச்சா, மராட்டியில மாமியாரை அப்படித்தான் சொல்வாங்க. கடையில ஏற்கெனவே ஒரு மாமியார் இருந்துச்சு, அதனால இதுக்கு முன்னால தாயீயையும் சேர்த்துக் கீறினேன். ஆனா அதை உள்ள கீறி வெச்சது அவளுக்கும் தெரியாது.

நாலு வருஷம் சுட்டா. ஸ்டேட் மெடல் ஒண்ணு வாங்கினா. அப்பால நாக்பூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க. பிஸ்டல் கிளப்புலயே நின்னுச்சு. ஒரு மேஜர் எடுத்துக்கினாரு, அவரு கை பெரிசு, வேற யாரையோ வெச்சு மரத்து மேல பசையை அப்பி அவரு கைக்கு வளர்த்துக்கினாரு. அவரும் நல்லா சுட்டாருன்னு சொல்வாங்க. மனுஷன் மேல தப்பில்ல.

அம்பது வருஷத்துக்கிட்ட ஆச்சா. போன மாசம் ஒரு மத்தியானம், நான் மேத்திக் கீரை ஆஞ்சுக்கினு இருக்கேன், வாசல்ல ரிக்ஷா வந்து நிக்குது. குச்சி ஊணிக்கினு ஒரு வெள்ளைத் தலை எறங்குது. நான் யாரோ எல்.ஐ.சி. பாலிசிக்கு வந்திருக்காங்கன்னு கதவை சாத்தப் போனேன்.

"கன்யா, முள்ளு வீட்டுக்கு வரல"ன்னா.

மேத்திக் கட்டு கீழ விழுந்துடுச்சு.

நாங்க ஹிந்தியிலதான் பேசிப்போம், உனக்காக தமிழ்ல சொல்றேன். கிளப்புல பழைய பந்தய பிஸ்டல் எல்லாத்துக்கும் கண்ணாடிப் பெட்டி பண்றாங்களாம். ஒவ்வொண்ணுக்கும் கீழ, யார் கைக்காகச் செஞ்சதுன்னு பலகை. இவ பிஸ்டலுக்குக் கீழ மேஜர் பேரு. இவ போய்க் கேட்டிருக்கா. கர்னல் சாப்னு ஒருத்தர் இப்ப செகரெட்டரி, நல்ல மனுஷன், "சரி, பிடிச்சுக் காட்டுங்க"ன்னு குடுத்திருக்காரு. பசை அப்பின மரம், வயசான கை. முள்ளு எங்கேயோ நிக்குது. மேஜரோட மகன் பக்கத்துலயே இருந்திருக்காரு. "பாருங்க, இவங்க கைக்கு ஆகவே இல்ல"ன்னாராம். அதுக்கு மேல, தொடைக்கிறதுக்காக மரத்தைக் கழட்டினப்ப உள்ள ஏதோ எழுத்து இருந்துச்சாம். தமிழ் எழுத்து. கிளப்புக்கு வர ஒரு தமிழ்ப் பொண்ணைப் படிக்கச் சொன்னாங்களாம்.

நீ இன்னா படிச்சடி?

"தாயி மாமியார்னு இருந்துச்சுங்க பாட்டி. தாயின் மாமியார்னு நெனைச்சேன். அம்மாவோட மாமியார்னா அப்பாவைப் பெத்த பாட்டி இல்லீங்களா..."

கேட்டீங்களா? கோயம்புத்தூர்ல கான்வென்ட் படிப்பு! இவ பாட்டின்னு சொல்ல, மேஜர் மகனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சாம். "எங்க அப்பாவோட பாட்டி கொஞ்ச நாள் மெட்ராஸ்ல இருந்தாங்க, அவங்க ஆசீர்வாதம் பண்ணி எழுதிக் குடுத்திருப்பாங்க"ன்னு அவரு முடிச்சே போட்டுட்டாரு. என் மாமியாரைத் தூக்கி மேஜர் வீட்டுல கட்டிக் குடுத்துட்டா, இந்தப் பொண்ணு.

ஆனா தாயீக்கு அந்த 'மாமியார்' காதுல விழுந்ததும் பொறி தட்டியிருக்கு. "சாசூ! கன்யா, அது நீ எழுதினதுதானே?"

நான் குனிஞ்சு மேத்தியைப் பொறுக்கினேன்.

"என் பேரைப் போடாட்டியும் போகுது. வீட்டுல நான் சுட்டேன்னு சொன்னா மருமக சிரிக்கிறா, பேத்தி 'ஆஜி, வீடியோ இருக்கா'ங்கிறா. அந்த பிஸ்டல் வேற யாருக்கோ செஞ்சதுன்னு எழுதி வெச்சுட்டா, நான் அங்க நின்னதே பொய்யாயிடும். நீ வந்து சொல்லு, கன்யா."

எனக்கு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஆனா அந்த வார்த்தை இன்னா? 'நான்தான் சேட் மரத்துல கீறினேன். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன்'னு சபையில சொல்லணும். அவரு மரத்தை மோந்து பார்த்துத்தான் எனக்கு மரியாதையே வந்துச்சு. மூணு நாள் தள்ளிப் போட்டேன். சேட் போட்டோ எங்கிட்ட கெடையாது. இருந்தா திருப்பி வெச்சிருப்பேன்.

நாலாம் நாள் நல்ல புடவையைக் கட்டிக்கினு கிளப்புக்குப் போனேன். அன்னிக்கு நீயும் இருந்த, தூணு பின்னாடி ஒளிஞ்சுக்கினு.

கர்னல் சாப் பிஸ்டலை எடுத்து மரியாதையா ரெண்டு கையால நீட்டினாரு. நான் வாங்கல. "வயிறு?"ன்னேன். அவருக்குப் புரியல. "சாப், காலின்னு காட்டாம குடுத்தீங்கன்னா எங்க சேட் கடையில வாசல்லயே நிறுத்திடுவாரு." மனுஷன் செவந்துட்டாரு. மேகசினை உருவி, இழுத்து, காட்டினாரு. நானும் விரலை விட்டுப் பார்த்தேன். மேஜர் மகன் லேசா சிரிச்சாரு. கோட்டு, டை, நரைச்ச மீசை. கெட்டவரு மாதிரித் தெரியல. அப்பா மேல உசுரு, அவ்வளவுதான்.

மோந்தேன். பசை வாசனைக்கு அடியில, ரொம்ப அடியில, ஆளிவிதை இருந்துச்சு. இரும்பு கருநீலம் வெளுத்து கத்தரிக்காத் தோல் கலருக்கு வந்திருந்துச்சு. என் தலை வெளுத்த மாதிரி அதுக்கும் வயசு. காலி தோட்டா ஒண்ணு கேட்டு வாங்கி உள்ள போட்டு அமுக்கினேன். பேசல. பேசல. பேசல. டக்.

"நமஸ்காரம் அத்தை"ன்னேன், வாய் தவறி.

திருகாணி எல்லாம் ஒரே திக்கு, ரெண்டைத் தவிர. அந்த ரெண்டும் உள்ளங்கைப் பலகையில. மேஜர் ஆளு கழட்டியிருக்கான், வாய் பார்த்துப் பூட்டல. மரத்தைக் கழட்டிக் காட்டினாங்க. என் எழுத்துதான். 'யா' கோணிக்கினு, 'ர்' படுத்துக்கினு.

"கர்னல் சாப், இது நான் கீறினது. கோணி ஊசியால. சேட்டுக்குத் தெரியாம. கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னேன். தாயீன்னா இதோ நிக்கிறாளே, இவ. மாமியார்னா இந்த விசை. யாரோட பாட்டியும் இல்ல"ன்னேன்.

மேஜர் மகன் சித்தி முறை வெச்சு ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. "மௌஷி, நீங்க எழுதினதாவே இருக்கட்டும். தாயீன்னு இந்த ஊருல ஆயிரம் பேரு. இவங்கதான்னு எப்படி?"

நியாயம்தானே? தாயீ குச்சியை இறுக்கிப் பிடிச்சா. நான் வேற எங்கயும் பார்க்க முடியாம அந்த ரெண்டு திருகாணியையே பார்த்துக்கினு நின்னேன். வாய் கோணிக்கினு நிக்குது. நாப்பது வருஷப் பழக்கம், சரி பண்ணாம கை அடங்கல. "ஒரு திருப்புளி குடுங்க, இதையாச்சும் நேராக்கறேன்"னேன். நேராக்கணும்னா முதல்ல கழட்டணும். என் ஆயுசுல நான் தொடாத பலகை அது. தொட்டேன்.

பலகை கையோட வந்துச்சு. அடியில, மேஜர் ஆளு மேல மட்டும் பசை தடவினதுல தப்பிச்ச பழைய மரத்துல, பென்சில் எழுத்து. ரெண்டு வரி. தமிழ் இல்ல, இங்கிலீஷ் இல்ல. மேல் கோடு போடாத மராட்டி மாதிரி. குஜராத்தி. என் மரத்துல பென்சில் படக் கூடாதுன்னு நாலு நாள் பேசாம இருப்பாரே, அவரு கையெழுத்து.

தாயீ கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டினா. "சு...நந்...தா. சுனந்தா மாட்டே."

நான் குறுக்க விழுந்து கேட்டேன். "இன்னா மாட்டே? சுனந்தா இன்னா மாட்டா?"

கர்னல் சாப் சிரிச்சுட்டாரு, அவரு பரோடாவுல இருந்தவராம். "மாட்டேன்னா குஜராத்தியில 'அவளுக்காக'. சுனந்தாவுக்காக."

மேஜர் மகன் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் தாயீகிட்ட திரும்பி, "எங்க அப்பா சொல்வாரு, 'எனக்கு முன்னாடி இதுல சுட்டவங்க என்னை விட நல்லா சுட்டவங்க'ன்னு. நான் அது யாரோ பெரிய ஆபீசர்னு நெனைச்சுக்கினு இருந்தேன்"னு சொல்லி, குனிஞ்சு கால்ல விழுந்தாரு. தாயீ அவரு தலையைத் தடவினா. பலகையில ரெண்டு பேரும் வரட்டும், இவ கைக்காகச் செஞ்சது, அப்புறம் அவரு சுட்டதுன்னு அவளே சொல்லிட்டா.

நான் கேட்டேன், "ரெண்டாவது வரி இன்னா?"

தாயீ படிச்சா. படிச்சுட்டு என்னைப் பார்த்தா. குறும்பு, அந்த ரெட்டை ஜடை வயசுக் குறும்பு. "டீக்ரி சோர் சே."

அதுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. மகள் திருடி.

தெரிஞ்சிருக்கு. மனுஷனுக்கு முதல்லேருந்தே தெரிஞ்சிருக்கு. இடுக்கி மேல கையை வெச்சு நான் சத்தியம் பண்ணினப்ப அப்படிப் பார்த்தாரே, அப்பவே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேக்காம, நான் தொடவே மாட்டேன்னு தெரிஞ்ச ஒரே எடத்துல எழுதி வெச்சுப் பூட்டிட்டாரு. நான் புடவைத் தலைப்பை வாயில வெச்சுக்கினு சிரிக்கிறேன்னு எல்லாரும் நெனைச்சாங்க. நெனைச்சுக்கட்டும்.

கர்னல் சாப், "செஞ்சவர் பேரையும் பலகையில போடலாமா?"ன்னு கேட்டாரு. "வேணாம் சாப். அவருக்குப் பிடிக்காது. எழுதினது எழுதின எடத்துலயே இருக்கட்டும், மூடிடறேன்"னேன். ஒரு பென்சில் கேட்டேன். சேட் எழுத்துக்குக் கீழ ஒரே ஒரு வார்த்தை தமிழ்ல எழுதினேன். நீ எட்டி எட்டிப் பார்த்த, எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீ அதையும் தப்பாத்தான் படிப்ப. பலகையை வெச்சு, திருகாணியை முடுக்கி, எல்லா வாயும் ஒரே திக்கைப் பார்க்க வெச்சுட்டு வந்தேன்.

கர்னல் சாப் அவரு வண்டியிலயே கொண்டாந்து எறக்கி விட்டாரு. மிலிட்டரி தோரணையில எறங்கி கதவைத் திறந்து சல்யூட் வேற. சால் பூரா வாசல்ல. ஷிண்டே பாய் கையில மாவோட ஓடி வந்தா, மாடியிலேருந்து மேரி தொங்கறா. "காய் ஜாலா கன்யாபாய்? இன்னா ஆச்சு, எங்க போய் வர?"

"கேம்ப்புக்குத்தான்"னேன். "எங்க மாமியாரைப் பார்த்துட்டு வரேன்."

மேரி சிலுவை போட்டுக்கினா. எங்க மாமியார் செத்து, தூக்கினப்ப இந்த சால்தான் முன்னால நடந்துச்சு, இருவது வருஷம் இருக்கும்.

"எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டா ஷிண்டே பாய், வேற இன்னா கேக்கறதுன்னு தெரியாம.

"நல்லா இருக்காங்க. கண்ணாடிப் பெட்டியில லைட்டு போட்டு வெச்சிருக்காங்க. கொஞ்சம் கலர் எறங்கியிருக்காங்க, பேச்சு மட்டும் அதே சுருக்கு"ன்னு சொல்லிட்டு, காலையில வாங்கின மேத்தி வதங்கிடுமேன்னு உள்ள போயிட்டேன்.